பசையை மாற்றிப் பயனில்லை, தரையைப் பாருங்கள்

கேள்வி: ஹாலில் சிமெண்ட் தரைமேல் ஒட்டிய வினைல் ஷீட், பதினைந்து வருடப் பழசு. நடு ஜாயின்ட் நெடுகத் தூக்கிக்கொண்டு கால் தடுக்குகிறது. வெள்ளைப் பசை, இன்ஸ்டன்ட் பசை எல்லாம் வைத்தாயிற்று, நிற்கவில்லை. முழுக்க மாற்றத்தான் வேண்டுமா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: மாற்ற வேண்டாம். ஆனால் இன்னொரு பசையும் இப்போதைக்கு வாங்காதீர்கள். நம் பக்கத்துக் களிமண் தண்ணீரை லேசில் விடாது. ஐப்பசி, கார்த்திகையில் வயலும் வாய்க்காலும் நிறைந்து கிடக்கும்போது பழைய வீட்டுத் தரை அடியிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், வினைல் அதை மேலே விடாது, கடைசியில் ஜாயின்ட் வழியாகத்தான் அது வெளியேறும். போதாததற்கு வெள்ளிக்கிழமையானால் வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவி விடுகிறோம் (உங்கள் வீட்டிலும் உண்டுதானே?), அதுவும் அங்கேதான் இறங்குகிறது. வெள்ளைப் பசை ஈரத்தில் ஊறிப்போகும். இன்ஸ்டன்ட் பசை இறுகி, மிதிக்க மிதிக்க உடையும்.

வினைல் இல்லாத ஓர் இடத்தில் ஒன்றரை அடிச் சதுரத்துக்குப் பாலித்தீன் தாளை விரித்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் நீர் கோத்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ மாசி, பங்குனி வரை பொறுக்க வேண்டியதுதான். மேட்டூர் திறப்பதற்குள் முடித்துவிடலாம்.

காய்ந்த தரை என்றால், தூக்கிய விளிம்பை ஹேர் டிரையரால் சூடாக்கி இளக விடுங்கள், குளிர்ந்த வினைலை மடக்கினால் வெடிக்கும். அப்புறம் பட்டி பிளேடால் பழைய பசையை ஷீட்டின் அடியிலும் தரையிலும் சுத்தமாகச் சுரண்ட வேண்டும். பாதி வேலை இதுதான், இங்கே சோம்பல்பட்டால் ஒரு மணல் துணுக்குகூட மேலே முண்டாகத் தெரியும். (எண்பதுகளில் ஒட்டிய வினைல் டைல் வைத்திருப்பவர்கள் உரசித் தூளாக்க வேண்டாம், அதில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம்.) சன்மைக்கா ஒட்டும் ரப்பர் பசையை இரு பக்கமும் மெல்லிசாகத் தடவி, கால் மணி நேரம் போல விட்டு, விரலில் ஒட்டாத பதத்தில் அழுத்துங்கள். பட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. நெடி வரும், தீயும் பிடிக்கும். ஜன்னலைத் திற, அடுப்பையும் சாமி விளக்கையும் அணை, அவ்வளவுதான். சப்பாத்திக் கட்டையால் ஒரு முனையிலிருந்து உருட்டி, பலகை போட்டு மேலே அரிசிச் சிப்பத்தை மறுநாள் வரை வையுங்கள். ஜாயின்ட்மேல் ஒரு கோடு வினைல் சீம் சீலர் (இடைவெளியை அடைக்கும் திரவம்) போடுங்கள். இனி பிழிந்த துணிதான், வாளி வேண்டாம்.

கேள்வி: வாசல் பக்கம் ரப்பர் மிதியடி கிடந்த இடத்தில் வினைல் மஞ்சளாகிவிட்டது. எதைப் போட்டுத் தேய்க்கலாம்?
- வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: எதைப் போட்டாலும் போகாது. ரப்பரில் உள்ள ரசாயனம் வினைலுக்குள்ளேயே இறங்கிய கறை அது. அதே இடத்தில் கொஞ்சம் பெரிய துணி மிதியடியாகப் போட்டு மூடிவிடுங்கள்.