ஓட்டத் தெரிந்த பிள்ளைக்கு நிறுத்தத் தெரிகிறதா?

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. பக்கச் சக்கரம் இல்லாமல் சைக்கிள் ஓட்டப் பழகி ஒரு மாதம்தான் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலிருந்து சாங்கி டைனோசர் பாதை வரை குடும்பமாக ஓட்டிப் போகலாம் என்கிறார் கணவர். அவனால் முடியுமா?
- பொங்கோல் வாசகி, சிங்கப்பூர்

பதில்: இந்த ஞாயிறு வேண்டாம். டைனோசர் சிலைகள் நிற்கும் சாங்கி விமான நிலைய இணைப்புப் பாதை மட்டுமே ஒரு வழிக்கு ஏறக்குறைய 3.5 கிலோமீட்டர். டைனோசரைப் பார்க்கப் போகும்போது கால் வலி தெரியாது, திரும்பும்போதுதான் தெரியும். அவன் வயதுக்கான 16 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு 1.25 மீட்டர்தான் உருளும். உங்கள் சைக்கிளின் சக்கரம் 2 மீட்டருக்கு மேல் போய்விடும். நீங்கள் நிதானமாக மிதிக்கும்போதும் அவன் ஓயாமல் மிதித்துக்கொண்டிருப்பான்.

தூரத்தைவிட எனக்குப் பெரிய கவலை பிரேக். பேலன்ஸ் சீக்கிரம் வந்துவிடும், நிறுத்தும் பழக்கம் அப்படி வராது. பதறினால் பிள்ளைகள் காலைத் தரையில் தேய்ப்பார்கள், இல்லையென்றால் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி நேராகப் போய் மோதுவார்கள். பூங்கா இணைப்புப் பாதையில் 25 கிலோமீட்டர் வேகம் வரை அனுமதி உண்டு. அந்த வேகத்தில் பின்னால் வருபவர் நொடிக்கு 7 மீட்டர் கடக்கிறார்.

முதலில் அவன் விரல்கள் பிரேக் பிடிக்கு எட்டுகின்றனவா என்று பாருங்கள். நிறைய சின்ன சைக்கிள்களில் எட்டாது. பிடியின் அருகில் உள்ள சிறிய திருகை முடுக்கினால் பிடி உள்ளே தள்ளி வரும். அப்புறம் ஆளில்லாத இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, கால் தேய்க்காமல் கோட்டுக்கு முன்னால் நிறுத்தச் சொல்லுங்கள். பத்துக்குப் பத்து முறை நிற்க வேண்டும். அது வந்த பிறகு, அவன் ஓட்டும்போது பின்னாலிருந்து விரல்களைக் காட்டி “எத்தனை?” என்று கேளுங்கள். திரும்பிப் பார்க்கும் பக்கமே சைக்கிளும் சாயும். நாம் இடப்பக்கம் ஓட்டும் ஊரில், வலப்பக்கம் சாய்ந்தால் முந்துபவரின் வழியில் போய் விழுவான். நேராகப் போய்க்கொண்டே எண்ணிச் சொல்லும்வரை இந்த விளையாட்டை விடாதீர்கள்.

பாதையில் இறங்கும்போது கணவர் முன்னால் போகட்டும். நீங்கள் அவனுக்குப் பின்னால், சற்றே வலப்பக்கம் தள்ளி வாருங்கள். முந்துபவர்கள் உங்களைச் சுற்றித்தான் போவார்கள், அவனை உரச மாட்டார்கள். ஹெல்மெட் சாலைக்கு மட்டும்தான் சட்டப்படி கட்டாயம். இருந்தாலும் பூங்காவிலும் போடுங்கள்: புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி, தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல்.

வழி உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. பொங்கோல் நீர்வழியின் நீளம் 4.2 கிலோமீட்டர். முதல் தடவை அதன் கரையோரப் பாதையில் ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்பினால் போதும். “இன்னும் கொஞ்சம்” என்று அவன் கெஞ்சும்போதே வீட்டுக்குக் கிளம்பிவிடுங்கள், அடுத்த வாரம் அவனே ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வந்து நிற்பான். வெயில் ஏறுவதற்குள், காலை ஏழரைக்கே இறங்கிவிடுவது நல்லது. இடி கேட்டால் மழைக்காகக் காத்திருக்காமல் உடனே கூரைக்குக் கீழே போங்கள். மரத்தடி வேண்டாம்.

நீர்வழியை முழுதாகப் போய்த் திரும்பியும் அவன் சோர்ந்து போகாத வாரத்தில், கணவரிடம் சாங்கிக்குச் சரி என்று சொல்லிவிடுங்கள்.