கேட்டு வாங்காத கடன்

அன்புள்ள அக்கா,

வணக்கம். நான் பினாங்கு மாநிலம் பட்டர்வொர்த்தில் இடைநிலைப்பள்ளி ஆசிரியர். நானும் மனைவியும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து நீண்ட பள்ளி விடுமுறையில் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குத் தத்துவ முகாம் நடத்தி வருகிறோம். பாலிக் பூலாவில் ஒரு டுரியான் தோட்டத்து வீட்டில் நான்கு நாள் தங்கல். மூன்றாம் படிவத்திலிருந்து ஐந்தாம் படிவம் வரை படிப்பவர்கள் வருவார்கள். இந்த முறை பதிவு குறைந்துவிட்டது. இதனால், ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வுக்கு என்ன பயன் என்று பெற்றோர் கேட்கிறார்கள். பிள்ளைகள் சாமி கும்பிடாமல் போய்விடுவார்கள் என்று சிலருக்குப் பயம். அவர்களைச் சமாதானப்படுத்த, கடைசி நாள் மாலை பிள்ளைகளுக்கு ஊக்கமூட்டிப் பேச ஒரு தன்முனைப்புப் பேச்சாளரை அழைத்திருக்கிறோம். பிள்ளைகள் பெற்றோருக்குப் பாதபூசை செய்யும் நிகழ்ச்சியும் உண்டு.

எந்தத் தத்துவவாதியிலிருந்து தொடங்கலாம்? சாக்ரடீஸா, புத்தரா, வள்ளுவரா? ஒரு பாடத்திட்டம் போட்டுத் தர முடியுமா? பிள்ளைகளுக்குத் தமிழ் போதவில்லை, ஆங்கிலத்துக்கு மாறிவிடலாமா என்றும் யோசிக்கிறோம். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகன், பட்டர்வொர்த்

*

அன்புள்ள தம்பி,

சொந்தக் காசையும் விடுமுறையையும் போட்டு, அடுத்த வீட்டுப் பிள்ளைகளோடு நான்கு நாள் உட்கார்ந்து பேச இந்த நாட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? நீங்கள் நால்வரும் நன்றாக இருக்க வேண்டும். உங்கள் மனைவியிடம் என் அன்பைச் சொல்லுங்கள். சமையல் அவர் தலையில்தான் விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் அதை முதலில் மாற்றுங்கள். அவரும் வட்டத்தில் உட்காரட்டும்.

பாடத்திட்டத்துக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் அந்தக் கடைசி நாள் மாலை. அதை எடுத்துவிடுங்கள். பேச்சாளரிடம் வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முன்பணம் கொடுத்திருந்தால் அது போகட்டும். மூன்று நாள் பிள்ளைகளை யோசிக்கச் சொல்லிவிட்டு நான்காம் நாள் மாலை அவர்களை அழவைத்து அனுப்புவதாக இருந்தால் அந்த மூன்று நாளும் வீண். வெறும் வீண்கூட இல்லை, துரோகம். கடுமையான சொல் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

தன்முனைப்பு முகாம்களைப் பற்றி நான் வெகுநாளாக மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். தேர்வுக் காலம் நெருங்கினால் போதும், நம் பள்ளி மண்டபங்களில் தொடங்கிவிடும். கோலாலம்பூரில் அப்படி ஒரு மண்டபத்துக்குப் பரிசு கொடுக்க என்னை அழைத்திருந்தார்கள். பள்ளியின் பெயரோ பேச்சாளரின் பெயரோ இங்கே தேவையில்லை. விளக்கை அணைத்தார்கள். ஒலிபெருக்கியில் புல்லாங்குழல். "கண்ணை மூடுங்க. அம்மா கையை நினைச்சுப் பாருங்க. அந்தக் கை எத்தனை பாத்திரம் கழுவியிருக்கும்? நாளைக்குக் காலையில அந்த அம்மா எழுந்திருக்கலன்னா?" முதலில் ஒரு விசும்பல், பிறகு மண்டபம் முழுவதும் அழுகை. ஓரத்தில் ஆசிரியர்கள் கைப்பேசியை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வாட்ஸ்அப் புலனக் குழுவுக்கு அனுப்ப வேண்டுமே. "இந்தக் கடனை எப்படி அடைக்கப் போறீங்க?" என்று பேச்சாளர் மூன்று முறை கேட்டார்.

விளக்கு எரிந்ததும் இரண்டாம் வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். நான்காம் படிவம் இருக்கும். கண் ஈரமாக இல்லை. "சார், கேட்டு வாங்குனாதானே கடன்? பொறக்கணும்னு நான் கேக்கலையே. கேக்காம குடுத்தது எப்படி சார் கடனாகும்?"

அன்று முழுக்க அந்த மண்டபத்தில் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அதுதான். பேச்சாளர் சிரித்தார். "இப்படிப் பேசுற பிள்ளைங்கதான் பின்னால அம்மா அப்பாவை முதியோர் இல்லத்துல விடும்" என்றார். கைதட்டல். அவள் உட்கார்ந்து, சட்டையில் ஒட்டியிருந்த பெயர் அட்டையை மெல்ல உரித்து, நான்காக மடித்து, மேசைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

நிகழ்ச்சி முடிந்ததும் சிற்றுண்டிச் சாலையில் அவளைத் தேடிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தாயை வெறுக்கும் பிள்ளையா என்று பார்த்தால், பேச்சு முழுக்க அம்மாதான். அம்மாவுக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. காலையில் அம்மா வீட்டுக்கு வருவதும் இவள் பள்ளிக்குக் கிளம்புவதும் ஒரே நேரம். வாசலில் அஞ்சு நிமிஷம் பேசிக்கொள்வார்களாம். "கடனா இருந்தா ஒருநாள் கட்டி முடிச்சிரணும்ல டீச்சர்? கட்டி முடிச்சபிறகு எனக்கும் அம்மாவுக்கும் ஒன்னும் இல்லையா? பேங்க்குக்கும் நமக்கும் ஒன்னும் இல்லாத மாதிரி?"

தம்பி, அந்தப் பெண் எதைத் தொட்டுவிட்டாள் என்று பாருங்கள். வளர்ந்த பிள்ளைகள் பெற்றோருக்கு எதற்குக் கடமைப்பட்டவர்கள் என்று ஜேன் இங்கிலிஷ் என்ற அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் எழுதிய கட்டுரை 1979ல் வெளிவந்தது. இன்றும் பல்கலைக்கழகங்களில் பாடமாக இருக்கிறது. கேட்டுப் பெற்ற உதவிக்குத்தான் கைம்மாறு உண்டு. பெற்றோர் மனமுவந்து செய்ததைக் கடனாக்கினால் அந்த உறவையே தவறாகப் புரிந்துகொள்கிறோம். பிள்ளை பெற்றோருக்குச் செய்ய வேண்டியது நிறைய உண்டு, ஆனால் அது அன்பிலிருந்து வருவது, கணக்கிலிருந்து வருவதில்லை என்பது அவர் வாதம். ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம். ஆனால் எந்தப் புத்தகமும் படிக்காமல் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே அதே வாசலுக்கு வந்து நின்றாள் ஒரு பதினாறு வயதுப் பெண். நம் சமூகம் அவளுக்கு என்ன கொடுத்தது? கைதட்டிச் சிரிப்பு.

பாதபூசை செய்யும் பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. தானாகத் தோன்றி ஒரு பிள்ளை தாயின் காலில் விழுந்தால் அதில் எனக்கென்ன வழக்கு? நிகழ்ச்சி நிரலில் மணி போட்டு, தாம்பாளம் அடுக்கி, வரிசையில் உட்காரவைத்துச் செய்யச் சொல்கிறீர்களே, அதில் செய்ய மாட்டேன் என்று சொல்ல ஒரு பிள்ளைக்கு இடம் இருக்கிறதா? அப்பா குடித்துவிட்டு அடிக்கிற வீட்டிலிருந்து வந்த பிள்ளை என்ன செய்யும்? தாய் இல்லாத பிள்ளை யார் காலைக் கழுவும்? மறுக்க முடியாத இடத்தில் தத்துவம் எப்படி நடக்கும்? இதை நீங்கள் நான்கு பேரும் உட்கார்ந்து பேசாமல் விட்டது எனக்குக் கோபம்.

பெற்றோரைச் சமாதானப்படுத்தத்தானே? பழைய பாட்டு ஒன்றை அவர்கள் கையில் கொடுங்கள். புறநானூறு 312, பொன்முடியார் பாடியது. "ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே" என்று ஒரு தாய் சொல்லத் தொடங்குகிறாள். பெற்று வளர்ப்பது தாய்க்குக் கடன். சான்றோனாக்குவது தந்தைக்குக் கடன். வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனுக்கு, நன்னடை நல்குவது வேந்தனுக்கு. ஊரே அந்தப் பையனுக்குக் கடன்பட்டு நிற்கிறது. கடைசியில்தான் அவன் முறை வருகிறது: போரில் யானையை வீழ்த்தித் திரும்புவது. அது யாருக்குச் செலுத்துவது என்று பாட்டு சொல்லவில்லை. தாய்க்கு என்று இல்லவே இல்லை. இதைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருங்கள். பத்து நிமிடத்தில் ஒருவன் கேட்பான்: சண்டைக்கு அனுப்பத்தான் வளர்த்தாளா? இன்னொருத்தி கேட்பாள்: பெண் பிள்ளைக்கு இதில் என்ன கடன், அவள் ஏன் பாட்டிலேயே இல்லை? முதல் நாளுக்கு இது போதும். தத்துவவாதி யாரும் வேண்டாம்.

பாடத்திட்டம் கேட்டீர்கள். என்னிடம் இல்லை. உங்களிடமும் இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன். மாத்யூ லிப்மன் என்ற தத்துவப் பேராசிரியர் 1970களில் அமெரிக்காவின் மாண்ட்கிளேரில் சிறுவர்களுக்குத் தத்துவம் என்ற முறையைத் தொடங்கியபோது தத்துவவாதிகளின் பெயர்ப் பட்டியலோடு வகுப்புக்குள் போகவில்லை. ஒரு கதை, வட்டமாக நாற்காலிகள். கதையைப் படித்துவிட்டுப் பிள்ளைகளே கேள்விகளைச் சொல்வார்கள்; எந்தக் கேள்வியைப் பேசுவது என்பதையும் அவர்களே முடிவு செய்வார்கள். இதைக் கற்க அமெரிக்கா போக வேண்டாம். கோம்பாக்கில் அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ரோஸ்னானி ஹாஷிம் 2006ல் இதற்கென்றே ஒரு மையம் தொடங்கினார். இந்த முறையை 'ஹிக்மா' என்ற பெயரில் மலாய் முஸ்லிம் பிள்ளைகளுக்கு ஏற்றபடி வளர்த்தெடுத்தார்கள். மதத்தை விட்டுவிட்டா செய்தார்கள்? சாமி பயம் உள்ள பெற்றோரிடம் இதைச் சொல்லுங்கள். அந்தப் பேச்சை அதற்கு மேல் வளர்க்க வேண்டாம்.

எஸ்பிஎம் பயனுக்கும் ஒரு வரிதான். பயன் இல்லை என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அப்புறமும் அனுப்புகிறவர்களின் பிள்ளைகள் போதும். எட்டுப் பேர் வந்தாலும் நடத்துங்கள். இன்றைய பெற்றோரில் பலர், எஸ்பிஎம் நன்னெறித் தேர்வுக்கு நெறிகளையெல்லாம் அவற்றின் விளக்கங்களோடு எழுத்து மாறாமல் மனப்பாடம் செய்தவர்கள். நேர்மை என்றால் என்ன என்று யோசிக்காமலே நேர்மைக்கு முழு மதிப்பெண் வாங்கிய தலைமுறை. அவர்களிடமும் பொறுமையாகப் பேசுங்கள். அவர்களுக்கு யாரும் முகாம் நடத்தவில்லை.

தமிழ் போதவில்லை என்கிறீர்கள். எப்படிப் போதும்? நம் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. அதற்குப் பிறகு தமிழ் வாரத்தில் சில பாடவேளைதான், அதுவும் எல்லாப் பள்ளியிலும் கிடையாது. பன்னிரண்டு வயதுத் தமிழை வைத்துக்கொண்டு பதினாறு வயது மனதைப் பேசச் சொல்கிறோம். அந்தப் பெண் என்னிடம் பேசிய தமிழில் மலாயும் ஆங்கிலமும் பாதிக்குப் பாதி. யோசனை எங்கேயும் திக்கவில்லை. கலந்து பேசட்டும், திருத்தாதீர்கள். ஆனால் நீங்கள் தமிழில் பேசுங்கள். அம்மாவோடு வாசலில் பேசுகிற மொழியில் யோசிக்கவும் முடியும் என்று அவர்களுக்கு வேறு யார் காட்டப் போகிறார்கள்? 1816ல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கிய மாநிலம் உங்களுடையது. அதன் இருநூறாம் ஆண்டை 2016ல் நாடெங்கும் கொண்டாடினோம், மேடை போட்டோம், மாலை போட்டோம். ஒரு பதினாறு வயதுப் பிள்ளை தமிழில் வாதம் செய்ய ஓர் இடம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. நீங்கள் அந்த இடத்தை உண்டாக்கிவிட்டு ஆங்கிலத்துக்கு மாறலாமா என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

நம்மிடம் இதற்கு ஒரு முன்னோடி இருக்கிறாள். மணிமேகலை. பல சமயத்தாரின் வாதங்களையும் அவள் கேட்கப் போகும் காலம் வரும் என்று சொல்லி, மணிமேகலா தெய்வம் முன்கூட்டியே ஒரு மந்திரம் கொடுக்கிறது. ஏன்? "இளையள் வளையோள் என்று உனக்கு யாவரும் விளைபொருள் உரையார்." சின்னப் பெண், வளையல் போட்டவள் என்று யாரும் உனக்கு உள்ளதைச் சொல்ல மாட்டார்கள், அதனால் உருவத்தை மாற்றிக்கொள். வஞ்சி நகரில் அவள் ஒரு துறவியின் வடிவில்தான் ஒவ்வொரு வாதியிடமும் போகிறாள். பூதவாதி, கண்ணால் காண்பதை மட்டுமே ஏற்பேன், அனுமானத்தை ஏற்க மாட்டேன் என்கிறான். அவள் சிரித்துவிட்டுக் கேட்கிறாள்: உன் தாய் தந்தையை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய்?

அந்த நான்காம் படிவப் பெண்ணுக்கு மந்திரம் கிடையாது. பள்ளிச் சீருடையிலேயே கேட்டாள். இளையள் என்றுதான் பதில் வந்தது. உங்கள் முகாமுக்கு அப்படி ஒருத்தி வந்தால் அவள் கேட்டதற்குப் பதில் சொல்லக்கூட அவசரப்படாதீர்கள். "இதுக்கு வேற யாராவது பதில் வெச்சிருக்கீங்களா?" என்று வட்டத்தைப் பார்த்துக் கேளுங்கள்.

கடைசி மாலைக்குப் பெற்றோரை அழைக்கத்தான் வேண்டும், அதில் உங்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. தாம்பாளத்துக்குப் பதிலாக இரண்டு வட்டம் போடுங்கள். உள்வட்டத்தில் பிள்ளைகள், வெளிவட்டத்தில் பெற்றோர். கேள்வி: நாங்கள் உங்களுக்குக் கடன்பட்டவர்களா? முக்கால் மணி நேரம் பிள்ளைகள் மட்டும் பேச வேண்டும். பெற்றோர் குறுக்கே பேசக் கூடாது. இதை வாசலிலேயே சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஓர் அப்பா எழுந்து சொற்பொழிவைத் தொடங்கிவிடுவார். பிறகு வட்டத்தை மாற்றுங்கள். பெற்றோர் உள்ளே, பிள்ளைகள் வெளியே, கேள்வி அதே. பெற்றோர் வராத பிள்ளை இருந்தால் உங்கள் மனைவியோ நண்பரோ அந்தப் பிள்ளைக்காக வெளிவட்டத்தில் உட்காரட்டும். முடிவு எதுவும் அறிவிக்காமல் சாப்பாட்டுக்கு எழுந்துவிடுங்கள்.

பாட்டை உரையோடு தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்புகிறேன். மணிமேகலையின் அந்தப் பகுதியை எளிய உரைநடையில் எழுதித் தர எனக்கு இரண்டு வாரம் வேண்டும். விடுமுறைத் தேதி முடிவானதும் தெரிவியுங்கள். பேருந்து பிடித்து வந்துவிடுகிறேன், எனக்கும் வெளிவட்டத்தில் ஒரு நாற்காலி போடுங்கள்.

அன்புடன்,
அக்கா