விமானி ஆக ஆசை, கண் பரிசோதனைக்குப் பயம்

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு,

நான் சேலையூரில் வசிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்துவிட்டது. கணிதத்தில் 90, இயற்பியலில் 82, வேதியியலில் 80. பொறியியல் கட்-ஆஃப் 171. எட்டாம் வகுப்பிலிருந்தே போர் விமானி ஆக வேண்டும் என்பதுதான் என் ஆசை. தாம்பரம் விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானங்கள் எங்கள் மொட்டைமாடிக்கு மேலேதான் வட்டமிடும். 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் நடந்த வான் சாகசத்துக்கு அப்பா என்னை அழைத்துப் போனார். திரும்பும்போது பறக்கும் ரயிலில் ஏற முடியாமல் வெயிலில் வெகுதூரம் நடந்தோம். அப்பாவுக்குத் தலை சுற்றிவிட்டது. ஆனாலும் வழியெல்லாம், "உன்னையும் இப்படி அண்ணாந்து பார்க்கும் நாள் வருமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

அதே அப்பா இப்போது கம்ப்யூட்டர் சயின்ஸ் எடு என்கிறார். விமானப்படை கிடைக்காவிட்டாலும் வேலை கிடைக்குமாம். சித்தப்பாவோ, "கலாமே ஏரோநாட்டிகல், அதாவது விமானப் பொறியியல், படித்தவர்தானே, அதைப் படி" என்கிறார். ஒரு தனியார் கல்லூரியின் ஆள் வீட்டுக்கே வந்து, ஏரோநாட்டிகல் முடித்தால் நேராக விமானி ஆகிவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா சங்கிலியை அடகு வைக்கத் தயாராக இருக்கிறார். அதை நினைத்தாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

எனக்குப் பிடித்தது புவியியல். ஒன்பதாம் வகுப்பிலிருந்து தினமும் மாலையில் மேகத்தின் வடிவம், காற்றின் திசை, மழை அளவு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது, மழையை அளக்க அளவுகோல் ஒட்டிய என் பாட்டிலை மூன்று முறை காலி செய்ய வேண்டியிருந்தது. ஆனால் புவியியல் படித்தேன் என்றால், இவளுக்கு விமானத்தில் அக்கறையே இல்லை என்று தேர்வுக் குழுவினர் நினைத்துவிட மாட்டார்களா? விமானிக்கான திறன் சோதனையை வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் எழுத முடியும் என்றும் சொல்கிறார்கள். இரவில் தூக்கமே வருவதில்லை.

இன்னொன்று. இருட்டிய பிறகு, பஸ் பக்கத்தில் வந்தால்தான் அதன் எண் எனக்குத் தெரிகிறது. அம்மாவும் கண்ணாடி போட்டவர். நான் இன்னும் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளவில்லை. எந்தப் படிப்பு எடுத்தால் விமானி ஆகலாம் என்று சொல்லுங்கள்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலையூர்.

ஆலோசகர் பதில்:

அன்பு மகளுக்கு,

உன் கேள்விக்கு நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். விமானப்படை அதிகாரிகளுக்கான ஏஎஃப்கேட் எழுத்துத் தேர்வு வழியாகப் பறக்கும் பிரிவுக்கு, அதாவது விமானிகளின் பிரிவுக்குப் போக, பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்திலும் இயற்பியலிலும் தலா 50 சதவீதமும், ஏதாவது ஒரு பட்டப்படிப்பில் 60 சதவீதமும் வேண்டும். மூன்றாண்டுப் பட்டம் போதும். பாடம் எது என்று விதி கேட்பதில்லை. முதல் நிபந்தனையை நீ பள்ளியிலேயே முடித்துவிட்டாய்.

2016 ஜூனில் இந்தியாவின் முதல் பெண் போர் விமானிகளாக மூவர் பொறுப்பேற்றார்கள். அவனி சதுர்வேதி படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ், பாவனா காந்த் மருத்துவ மின்னணுவியல், மோகனா சிங் மின்னணுவியலும் தகவல் தொடர்பும். மூவரில் ஒருவர்கூட ஏரோநாட்டிகல் படித்தவர் இல்லை. அந்தப் படிப்பு விமானத்தை வடிவமைக்கவும் பராமரிக்கவும் கற்றுத்தரும். விமானப்படையில் அதற்கென்றே தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது, அது மதிப்புக்குரிய பணி. ஆனால் விமானி வேலை வேறு. உன் வீட்டுக்கு வந்தவர் சொன்னது உண்மைக்குப் புறம்பானது. அவர் பேச்சை நம்பி அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போகக் கூடாது.

சித்தப்பாவிடம் இதையும் சொல். கலாம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ஏரோநாட்டிகல் முடித்து, விமானப்படை விமானி ஆகும் ஆசையோடு தேர்வுக்கு டேராடூன் போனார். 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார். எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள் எட்டுப் பேர். அந்தப் படிப்பு அவருக்கு விமானி இருக்கையை வாங்கித் தரவில்லை. ஆனால் அவர் அதை விரும்பிப் படித்திருந்தார், அதனால் அடுத்த நாள் எழுந்து போவதற்கு ஓர் இடம் இருந்தது. உனக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இனி, உன் கடிதத்தில் நான் அதிக நேரம் நின்ற இடத்துக்கு வருகிறேன். பஸ் எண்ணைப் பற்றிய அந்த வரிகள். கட்-ஆஃப், சித்தப்பா, சங்கிலி எல்லாம் எழுதி முடித்த பிறகு, "இன்னொன்று" என்று தொடங்கி, போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். உன் தூக்கத்தைக் கெடுப்பது படிப்புத் தேர்வு என்று நீ நம்புகிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்தப் படிப்பு என்ற கேள்வி திறந்திருக்கும்வரை கண் பரிசோதனைக்குப் போகாமல் இருக்கலாம். பரிசோதிக்காதவரை கனவுக்கு எந்தச் சேதமும் இல்லை. பெரியவர்களும் இப்படித்தான் செய்கிறோம். மார்பில் ஒரு கட்டியைத் தொட்டு உணர்ந்த பெண், வீட்டுக்கு வெள்ளையடிக்கும் வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வாள். பயம் நம்மை ஏமாற்றும் வழி அது. அதற்காக நீ வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பாதே.

பறக்கும் பிரிவில் பார்வை விதிகள் கடுமையானவை. நிறம் பிரித்தறிவதையும் சோதிப்பார்கள். உயரம் குறைந்தது 162.5 செ.மீ. வேண்டும், உட்கார்ந்த நிலை உயரத்துக்கும் கால் நீளத்துக்கும்கூடக் கணக்கு உண்டு. இவற்றை நீ படித்து மாற்ற முடியாது. ஆகவே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை இவைதான். கண் மருத்துவரிடம் விமானப்படை விமானிக்கான தகுதிக்காக வந்திருப்பதாகச் சொல். குறை இருக்கிறது என்று அவர் சொன்னால் அவசரப்பட்டு லேசர் சிகிச்சைக்குப் போய்விடாதே. 20 வயதுக்கு முன் செய்துகொண்ட சிகிச்சையை விமானப்படை ஏற்பதில்லை. செய்த பிறகும் ஓராண்டு கடந்திருக்க வேண்டும், வேறு நிபந்தனைகளும் உண்டு.

பறக்க முடியாது என்றே ஆகிவிட்டால்? அன்று நீ அழுவாய். அழத்தான் வேண்டும். அது பத்து வருடக் கனவா என்று யாரும் கணக்குப் பார்க்க வேண்டாம், ஐந்து வருடக் கனவும் கனவுதான். அப்போது அந்த மேக நோட்டைப் பரணில் போட்டுவிடாதே. விமானப்படையில் வானிலைப் பிரிவு என்று ஒரு கிளை இருக்கிறது. அங்கே பார்வை விதிகள் விமானிக்கு உள்ள அளவு கடுமையானவை அல்ல. ஆனால் அதற்குப் பட்டப்படிப்பு அளவில் கணிதமும் இயற்பியலும் கேட்கிறார்கள். இயற்பியலும் கணிதமும் சேர்ந்த பட்டப்படிப்பை எடுத்தால் அந்த வழி அடைபடாது. புவியியல் எடுத்தால் விமானி ஆகும் வழி அப்படியே இருக்கும், வானிலைப் பிரிவு கடினமாகும். இரண்டு துறைகளின் பாடத்திட்டங்களையும் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து படி. எந்தப் பாடத்தின் பெயரைப் பார்த்ததும் புத்தகத்தைத் திறக்கத் தோன்றுகிறதோ அதை எடு.

தேர்வுக் குழுவைப் பற்றிய உன் கவலைக்கு ஒரு வார்த்தை. எழுத்துத் தேர்வுக்குப் பிறகு தேர்வு வாரியம் நடத்தும் ஐந்து நாள் தேர்வில் ஓர் உளவியல் சோதனை உண்டு. 60 சொற்களை ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள். ஒவ்வொன்றுக்கும் மனதில் தோன்றுவதை 15 விநாடிக்குள் எழுத வேண்டும். அந்த வேகத்தில் யாராலும் வேறொருவராக நடிக்க முடியாது. தனக்குப் பிடித்ததைப் படித்த பெண் நேர்காணலில் தன் பாடத்தைப் பற்றிப் பேசும்போது குரலே வேறாக இருக்கும். புயல் நாளில் மூன்று முறை பாட்டிலைக் காலி செய்த கதையை அங்கே சொல். அக்கறை இல்லாதவள் என்று ஒருவரும் நினைக்க மாட்டார்கள்.

திறன் சோதனை வாழ்நாளில் ஒருமுறைதான் என்பது உண்மை. தேர்ச்சி பெறாதவர் பறக்கும் பிரிவுக்கு மறுபடி முயல முடியாது. ஆனால் எழுத்துத் தேர்வை வருடத்துக்கு இருமுறை நடத்துகிறார்கள், வயது வரம்பு 20 முதல் 24 வரை. மூன்றாண்டுப் படிப்பு என்றால் பட்டம் முடித்த பிறகும் உனக்கு வாய்ப்புகள் மீதமிருக்கும். நான்காண்டுப் பொறியியலை மனமில்லாமல் படித்து அரியர் வைத்தால், இறுதியாண்டில் விண்ணப்பிப்பதே சிக்கலாகிவிடும். அப்பாவிடம் இதைப் பேசு. கம்ப்யூட்டர் சயின்ஸ் மோசமான படிப்பு என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் கேட்பது பாதுகாப்பு, பிடிக்காத படிப்பில் அது கிடைக்காது.

கல்லூரியில் விசாரிக்கும்போது பாடத்தை மட்டும் கேட்காதே. என்.சி.சி.யில் விமானப் பிரிவு இருக்கிறதா என்றும் கேள். அதில் 'சி' சான்றிதழ் பெற்றவர்கள் எழுத்துத் தேர்வு இல்லாமலே நேராகத் தேர்வு வாரியத்துக்குப் போகத் தனி வழி உண்டு. பட்டத்தின் பெயரைவிட உனக்கு அதிகம் உதவப்போவது இதுதான். இதை யாருமே உன்னிடம் சொல்லவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இந்த வாரமே கண் மருத்துவரிடம் போ. தனியாகப் போகாதே, அப்பாவை அழைத்துப் போ. மெரினா வெயிலில் உன்னோடு நடந்தவர், அந்த அறைக்கு வெளியிலும் உன்னோடு உட்கார்ந்திருப்பார். மருத்துவர் என்ன சொன்னாலும் எனக்கு எழுது.