ஆதரவற்ற குழந்தைகளைப் பற்றிய அனிமேஷன் படங்களில் உங்கள் மனதில் நின்றது எது? பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கலாமா?

யோசிக்கவே வேண்டாம், 'மை லைஃப் ஆஸ் எ சுக்கினி' என்றுதான் சொல்வேன். சுவிட்சர்லாந்து இயக்குநர் கிளாட் பாராஸ் 2016இல் எடுத்த பிரெஞ்சு மொழிப் படம். பொம்மைகளை இம்மி இம்மியாக நகர்த்திப் படம்பிடிக்கிற ஸ்டாப் மோஷன் வகை. மொத்தமே 66 நிமிடம்தான். ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலிலும் இடம்பிடித்தது. (கதையைக் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

சுக்கினி என்பது ஒன்பது வயதுப் பையனுக்கு அவன் அம்மா வைத்த செல்லப் பெயர். குடிக்கு அடிமையான அந்த அம்மா, அவன் அறியாமல் செய்த ஒரு செயலால் இறந்துபோகிறார். ரேமோன் என்கிற போலீஸ்காரர் அவனைக் குழந்தைகள் இல்லத்தில் கொண்டுபோய் விடுகிறார். அவன் எடுத்துப்போவது அப்பாவின் உருவம் வரைந்த ஒரு பட்டம், அம்மாவின் நினைவாக ஒரு காலி பீர் கேன். அந்த கேனை அவன் பத்திரப்படுத்துவதைப் பார்த்தபோதே எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இல்லம் என்றாலே கொடுமைக்கார வார்டன், அரைவயிற்றுச் சாப்பாடு, தப்பியோட்டம் என்றுதான் கதைகளில் பார்த்துப் பழகியிருக்கிறோம். இந்தப் படத்தில் பிள்ளைகளுக்குக் கொடுமை நடந்ததெல்லாம் அவரவர் வீட்டில். இல்லம்தான் அவர்களைத் தேற்றுகிறது. யாருக்கு மனசு வெயிலாக இருக்கிறது, யாருக்கு மழையாக இருக்கிறது என்று காட்ட அங்கே ஒரு பலகையே மாட்டியிருக்கிறார்கள். வாசலில் கார் சத்தம் கேட்டால் போதும், பெயாத்ரிஸ் என்ற சிறுமி "அம்மா?" என்று ஓடிவருவாள். ஒவ்வொரு முறையும் ஓடிவருவாள்.

அங்கே வேலை செய்யும் ரோசிக்குக் குழந்தை பிறந்ததும் பிள்ளைகள் தொட்டிலைச் சூழ்ந்துகொண்டு கேள்விமேல் கேள்வி கேட்கிறார்கள். இது அழகாக இல்லாவிட்டாலும் வைத்துக்கொள்வீர்களா? ஓயாமல் அழுதாலும்? படுக்கையை நனைத்தாலும்? எந்தத் தப்புக்காகத் தங்களை விட்டுவிட்டார்கள் என்பதைத்தான் அவர்கள் இப்படிச் சுற்றிவளைத்துக் கேட்கிறார்கள். அழுகை இசை எதையும் திணிக்காமல் இயக்குநர் அந்தக் காட்சியை அதன் போக்கில் விட்டிருக்கிறார்.

என்னைக் கேட்டால் படத்தின் உயிர் சிமோன். புதிதாக வந்த சுக்கினியை 'உருளைக்கிழங்கு' என்று சீண்டுகிறவன். ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன நடந்தது என்று அவனுக்குத்தான் தெரியும். அப்புறம் உயிர்த்தோழனாகிறான். ரேமோன் சுக்கினியையும், இல்லத்தில் அவனுக்குத் தோழியான கமீல் என்ற சிறுமியையும் தன் வீட்டுக்கு அழைக்கும்போது முதலில் கோபப்படுகிறான். பிறகு, இந்த வயதுப் பிள்ளைகளை யாரும் தத்தெடுப்பதே அபூர்வம், நீ போயே ஆக வேண்டும் என்று அவனே சுக்கினியை அனுப்பிவைக்கிறான். தத்தெடுப்பைச் சந்தோஷமாகக் காட்டும் கையோடு, பின்தங்கிவிடும் பிள்ளையையும் மறக்காமல் காட்டிய படம் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பிள்ளைகளோடு பார்க்கலாமா என்றால், பத்து வயதுக்கு மேல் தாராளமாகப் பார்க்கலாம், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். கொலை, போதை, பாலியல் கொடுமை எல்லாம் கதையில் உண்டு. எதையும் காட்டுவதில்லை, பிள்ளைகளின் பேச்சில் வந்துபோகிறது. முடிந்தவரை பிரெஞ்சிலேயே, சப்டைட்டிலோடு பாருங்கள். நடிப்புப் பயிற்சி இல்லாத சாதாரணச் சிறுவர்களைப் பேசவைத்திருக்கிறார்கள், அந்தத் தயக்கமும் மூச்சும் டப்பிங்கில் வராது. படம் முடிந்ததும் உங்கள் பிள்ளை அநேகமாக சிமோனைப் பற்றித்தான் கேட்கும். உடனே தூங்க அனுப்பிவிடாமல், உட்கார்ந்து பேச நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.