கொலுசுப் பாட்டு ஏன் மலை ஏறியது?

(கடிதம் எழுதியவர் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கடிதத்தைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள அண்ணா,

சேலத்தில் ஒரு கலைக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு பாட்டு செய்தோம். வரிகள் என்னுடையவை, மெட்டு நண்பனுடையது. என் அம்மா சிவதாபுரம் பக்கம் ஒரு கொலுசுப் பட்டறையில் மணி கோக்கிற வேலைக்குப் போகிறார். பாட்டு அவரைப் பற்றியதுதான். ஏற்காட்டில் ஒரே நாளில் எடுத்தோம். டிரோன், வேன், சாப்பாடு எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய் ஆனது. அம்மா அதுவரை ஏற்காடு பார்த்ததே இல்லை என்பதால் அவரையும் கூட்டிப் போனோம்.

யூடியூபில் போட்டு ஒரு மாதம் ஆகிறது. 1,140 பேர்தான் பார்த்திருக்கிறார்கள். சராசரியாக 48 நொடிதான் பார்க்கிறார்கள் என்று காட்டுகிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைத்த தாளத்துக்கு யாரோ உரிமை கோரியிருப்பதாக மெயிலும் வந்திருக்கிறது. 5,000 ரூபாய் கொடுத்தால் ஒரு லட்சம் வியூஸ் ஏற்றித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுத்துவிடலாம் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். கேமரா சரியில்லாததுதான் காரணம் என்று மீதிப் பேர் சொல்கிறார்கள். எங்கே தவறவிட்டோம் அண்ணா?

*

அன்புள்ள தம்பி,

பாட்டை மூன்று முறை பார்த்தேன். நான்காவது முறை போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்க மட்டும் செய்தேன். அப்போதுதான் உங்கள் வரி என்னைப் பிடித்தது. ‘ஊரெல்லாம் நடக்குதம்மா உன் சத்தம், நீ மட்டும் உட்கார்ந்த இடத்துலயே.’ எழுதிப் பழகியவர்களுக்கே இப்படி ஒரு வரி எப்போதாவதுதான் வாய்க்கும். கொலுசு செய்கிறவள் நாளெல்லாம் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறாள், அவள் செய்த கொலுசு எங்கெங்கோ நடக்கிறது. இதை நீங்கள் வெளியிலிருந்து பார்த்து எழுதவில்லை. அந்த வீட்டில் வளர்ந்து எழுதியிருக்கிறீர்கள்.

சரி, இப்போது படத்துக்கு வருகிறேன். முதல் 22 நொடி கொண்டை ஊசி வளைவுகளை டிரோன் மேலிருந்து காட்டுகிறது. அதன்மேல் எட்டுப் பேருடைய பெயர்களும் வந்து போகின்றன. பிறகு பகோடா பாயின்ட் பாறைமேல் நின்று நண்பர் பாடுகிறார். ஏரியில் படகு, சில்வர் ஓக் மரங்கள், பனி. இவ்வளவு நேரத்திலும் ஒரு கொலுசுகூடக் கண்ணில் படவில்லை. பாட்டு பட்டறையில் இருக்கிறது, படம் மலையில் இருக்கிறது. பார்க்க வந்தவருக்கு இந்தப் பாட்டு யாரைப் பற்றியது என்று தெரிவதற்குள் பொறுமை போய்விடுகிறது. யூடியூப் ஸ்டூடியோவில் பார்வையாளர் எந்த நொடியில் விலகுகிறார் என்று ஒரு கோடு இருக்கும், அதைத் திறந்து பாருங்கள். அந்த 22 நொடிக்குள்ளேயே கோடு பள்ளத்தில் விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். கேமராமேல் பழி போடாதீர்கள். நீங்கள் எடுத்த போனே இந்தப் பாட்டுக்குப் போதும்.

மலைக்குப் போனது ஏன் என்று எனக்குப் புரிகிறது. பாட்டு என்றால் மலை, பனி, ஏரி என்று நம் எல்லாருக்குமே சின்ன வயதிலிருந்து பதிந்திருக்கிறது. சேலத்துக்காரர்களுக்கு மலை கூப்பிடு தூரம் வேறு. ஆனால் நீங்கள் வேனில் ஏறிப் போன அதே ஏற்காடு சாலையில்தான் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா ஸ்டூடியோவின் நுழைவு வளைவு நிற்கிறது. டி. ஆர். சுந்தரம் அந்த ஸ்டூடியோவைத் தொடங்கியது 1935இல். மலையாளத்தின் முதல் பேசும்படம் 1938இல் அங்கிருந்து வந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 1956இல் அங்கிருந்து வந்தது. மலை பக்கத்திலேயே இருந்தும் கதைக்கு வேண்டிய இடத்தைப் பெரும்பாலும் மதில் சுவருக்குள் செட் போட்டு உருவாக்கினார்கள். இன்று வளைவு மட்டும்தான் மிச்சம். ஒலிப்பதிவு, கேமரா, எடிட்டிங் என்று அந்த வளாகத்துக்குள் இருந்த பாதி வேலை இப்போது உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. உங்களுக்கு செட் போடும் செலவும் கிடையாது. பட்டறை அப்படியே இருக்கிறது, பாட்டின் நாயகி அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்.

அதனால் என் யோசனை இதுதான்: பாட்டை மறுபடியும் எடுங்கள். கீழே வந்து எடுங்கள்.

முதலில் சத்தம். இலவசத் தாளத்தைத் தூக்கிவிடுங்கள், அதற்குப் பதில் உங்களிடம் அதைவிட நல்ல தாளம் இருக்கிறது. பட்டறையில் கேட்கும் சத்தங்களை நினைத்துப் பாருங்கள். சுத்தியல் தட்டுவது, கம்பி இழுபடுவது, ஒட்டுவதற்குப் பொடி வைத்து ஊதும்போது நெருப்பு சீறுவது, கோத்த மணிகளைத் தட்டில் கொட்டுவது, முடித்த கொலுசைக் கையில் ஏந்தி ஒரு குலுக்குக் குலுக்கிப் பார்ப்பது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக இரண்டு நிமிடம் பதிவு செய்யுங்கள். போனை ஒரு சாண் தூரத்தில் வைத்து, மின்விசிறியை நிறுத்தி, பேச்சில்லாமல் எடுங்கள். போன் அனுமதித்தால் ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாகவே சேமியுங்கள். பிறகு ஒலியை வெட்டி ஒட்ட உதவும் பேண்ட்லேபிலோ ஆடாசிட்டியிலோ போட்டு ஒரு தட்டை வெட்டி எடுத்து வரிசையாக அடுக்கினால் அதுவே தாளம் ஆகிவிடும். இரண்டும் இலவசம். அந்தத் தாளத்துக்கு யாரும் உங்களிடம் உரிமை கோர முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய ஆவணப்படத்துக்காக விசைத்தறிக் கூடத்துக்குள் போய், தறி ஓடும்போதே அங்கே வேலை செய்த அம்மா ஒருவரைப் பேச வைத்துப் பதிவு செய்தேன். வீட்டுக்கு வந்து கேட்டால் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அவர் கண் கலங்கிச் சொன்ன ஒரு விஷயம் தறிச் சத்தத்துக்குள் போய்விட்டது. மறுபடியும் போய்க் கேட்டபோது அதே பேச்சு வரவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. அன்றிலிருந்து இடத்தின் சத்தம் தனி, மனிதக் குரல் தனி என்றுதான் எடுக்கிறேன். உங்கள் பாடகரின் குரலையும் அப்படியே எடுங்கள். சின்ன அறை, சுவரோரம் மெத்தை, தலைக்குப் பின்னால் கனத்த போர்வை, இவ்வளவு போதும். கடைசியில் சத்தத்தை ஏற்றி ஏற்றி வைக்காதீர்கள். பாட்டின் மொத்தச் சத்தத்தை எல்யூஎஃப்எஸ் என்ற அலகில் அளப்பார்கள், அது -14க்கு மேல் இருந்தால் யூடியூப் தானே குறைத்துவிடும்.

அப்புறம் படம். பட்டறையில் டியூப் லைட்டோ எல்இடி பல்போ இருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்குகிறது. கண்ணுக்குத் தெரியாது, போன் நொடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 படம், எடுக்கும்போது பட்டை பட்டையாக ஓடலாம். 25 ஃபிரேம் வைத்து, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெளிச்சம் விழும் நேரமான ஷட்டரை 50இல் ஒரு பங்கு நொடிக்குப் பூட்டிவிட்டால் பட்டை போய்விடும். பிளாக்மேஜிக் கேமரா செயலியில் இதைச் செய்யலாம், பணம் வேண்டாம். அது உங்கள் போனில் ஏறாவிட்டால் போன் கேமராவிலேயே ப்ரோ மோட் இருக்கிறதா பாருங்கள். வெளிச்சம், ஃபோகஸ், வெள்ளை நிறம் (ஒயிட் பேலன்ஸ்) மூன்றையும் பூட்டிவிட்டுத்தான் பதிவு பொத்தானை அழுத்த வேண்டும். ஏற்காட்டில் பனி வந்து போகும்போதெல்லாம் உங்கள் படம் நீலமும் மஞ்சளுமாக மாறியது இதைப் பூட்டாததால்தான். வெள்ளி பளபளக்கிற பொருள். வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தே வையுங்கள், இல்லாவிட்டால் கொலுசு இருக்கும் இடத்தில் வெறும் வெள்ளைத் திட்டுதான் இருக்கும். ஜன்னலோரம், காலை நேரம், அம்மாவின் கை, மணி, நூல் கம்பி. இதை இரண்டு அடிக்குள் போய் எடுங்கள்.

ஒரு சின்ன வித்தை சொல்கிறேன். பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஸ்பீக்கரில் ஓடவிட்டு, பாடகரை அந்த வேகத்துக்கு வாயசைக்கச் சொல்லி, 50 ஃபிரேமில் எடுங்கள். அப்போது மட்டும் ஷட்டர் 100இல் ஒரு பங்கு. எடிட்டிங்கில் அதை 25 ஃபிரேமாக ஓடவிட்டால் உதடு பாட்டோடு சரியாகப் பொருந்தும், பின்னால் பட்டறைப் புகையும் உதிரும் மணியும் மட்டும் மெதுவாக மிதக்கும். உங்கள் வரிக்கு இது பொருந்தும் என்று தோன்றுகிறது. பாடுகிறவன் சாதாரணமாகப் பாடுகிறான், அம்மாவின் உலகம் வேறொரு நேரத்தில் நகர்கிறது.

பகோடா பாயின்ட் காட்சியில் உதடு பின்தங்கியிருப்பதற்கும் காரணம் இருக்கிறது. ஸ்பீக்கர் கேமரா பக்கம் இருந்திருக்கும், பாடகர் 30 மீட்டர் தள்ளி நின்றிருப்பார். சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். அவர் காதுக்குப் பாட்டு இரண்டு மூன்று ஃபிரேம் தாமதமாகப் போயிருக்கிறது. தூரக் காட்சியை எடிட்டிங்கில் கண்ணால் பார்த்து நகர்த்திக்கொள்ள வேண்டும். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு ஒலி அலையை வைத்துத் தானே பொருத்தித் தரும், ஆனால் இந்தத் தாமதத்தை நீங்கள்தான் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

போவதற்கு முன் பட்டறைக்காரரிடம் முறையாகக் கேளுங்கள். புது டிசைன் எதுவும் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்கிறோம் என்று நீங்களே முந்திச் சொல்லுங்கள், அது அவருடைய பிழைப்பு. முகம் தெரிகிற ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்குங்கள். எட்டுப் பேருக்குள்ளும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் வரிகளுக்கு ஓர் உரிமை, இசைக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை. கல்லூரி முடிந்து ஆளுக்கொரு ஊருக்குப் போன பிறகு இதைப் பேச உட்கார்ந்தால் நட்பு கெடும்.

இனி அந்த 5,000 ரூபாய். கொடுக்கவே கொடுக்காதீர்கள். பொய்யாக ஏற்றும் பார்வைகளுக்கு யூடியூப் விதிகளில் இடமில்லை. எண்ணிக்கையைக் கழித்துவிடுவார்கள், வீடியோவையே எடுத்துவிடவும் கூடும். அதைவிட எனக்கு வலிப்பது வேறு. அம்மாவைப் பற்றிய பாட்டை ஒரு லட்சம் பேர் பார்த்ததாகக் காட்டுவதற்கு, பார்க்காத ஒரு லட்சம் பேரை விலைக்கு வாங்குகிறீர்கள்.

இந்தப் பாட்டுக்கென்று ஆட்கள் இருக்கிறார்கள் தம்பி. சிவதாபுரம், பனங்காடு, செவ்வாய்ப்பேட்டை என்று எத்தனை வீடுகளில் கொலுசு வேலை நடக்கிறது! அந்த வீட்டுப் பிள்ளைகள் இப்போது எங்கெங்கோ வேலைக்குப் போயிருக்கிறார்கள். தங்கள் வீட்டுத் திண்ணையை ஒரு பாட்டில் பார்த்தால் அவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போடாமல் இருப்பார்களா? ஏற்காட்டுக் காட்சியை யாரும் அப்படி அனுப்ப மாட்டார்கள், அது எல்லார் போனிலும் ஏற்கெனவே இருக்கிறது. பட்டறையில் எடுக்கும்போதே வேறொரு போனை நிமிர்த்தி வைத்து, மணி கோக்கும் கை, சுத்தியல் தாளமாக மாறும் இடம் என்று 30 நொடித் துண்டுகள் நாலைந்து எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றை ஷார்ட்ஸாகப் போட்டு ஒவ்வொன்றிலும் முழுப் பாட்டை இணைத்துவிடுங்கள், அந்த வசதி உள்ளேயே இருக்கிறது. தலைப்பில் ‘ஆல்பம் சாங் 4கே’ வேண்டாம், தமிழில் ‘கொலுசு’ என்ற சொல் முன்னால் வரட்டும். முகப்புப் படத்தில் பாடகர் வேண்டாம், அம்மாவின் கை வரட்டும். வரிகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்தாக ஏற்றுங்கள். போட்ட வீடியோவை அதே சுட்டியில் மாற்ற முடியாது என்பதால் புதிதாகத்தான் ஏற்ற வேண்டும். பழையதைப் பட்டியலில் வராதபடி (அன்லிஸ்டெட்) வைத்துவிடுங்கள். நாள் என்று கேட்டால் நான் ஆடியைச் சொல்வேன். கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு வெளியூரில் இருப்பவர்கள் ஊருக்கு வருவார்கள். வீட்டில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிற நேரம் அது.

மலையை முழுதாக விட்டுவிடச் சொல்லவில்லை. உங்கள் வீடியோவில் 2 நிமிடம் 41ஆவது நொடியில், வேன் ஜன்னல் வழியாக அம்மா ஆறு நொடி தெரிகிறார். லேடீஸ் சீட் என்ற காட்சிமுனைப் பக்கம் வண்டி நிற்கிறது, பொழுது சாய்ந்துவிட்டது, கீழே சேலத்தில் விளக்குகள் வந்துகொண்டிருக்கின்றன. அவர் விரலை நீட்டி எதையோ தேடுகிறார், உதடு அசைகிறது. பாட்டு மேலே ஓடுவதால் என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை. நம் வீடு எந்தப் பக்கம் என்று கேட்கிறாரோ? நாளெல்லாம் உட்கார்ந்த இடத்தில் இருந்தவர் முதல் முறையாக அந்த இடத்தை மேலிருந்து பார்க்கிறார். நீங்கள் ஏற்காட்டில் எடுத்ததிலேயே பாட்டுக்குச் சொந்தமான காட்சி அதுதான். அதன் அசல் கோப்பு, சத்தத்தோடு, யாருடைய போனில் இருக்கிறது என்று இன்றே கேளுங்கள். இடம் பற்றவில்லை என்று யாராவது அழித்துவிடப் போகிறார்கள். கிடைத்தால் வெட்டாமல் முழுதாக எனக்கு அனுப்புங்கள். அம்மா என்ன கேட்டார் என்று எனக்கும் கேட்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்