தூரிகைப் பதில்கள்: ஆட்டத்துக்கு என்ன நிறம்?

என் மகள் பரதம் ஆடுகிறாள். மேடைப் புகைப்படத்தைப் பார்த்து அக்ரிலிக்கில் வரைந்தேன். ஜரிகை, சலங்கை, நெற்றிச்சுட்டி எல்லாம் அச்சு அசலாக வந்துவிட்டன. ஆனால் படத்தில் ஆட்டத்தைக் காணோம். ஏன்?
வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன், அம்மா. பச்சைப் புடவை, சிவப்புக் கரை, பின்னால் வெளிர்நீலத் திரை. கேமரா பார்த்த நிறமெல்லாம் இருக்கிறது. பெற்றவள் பார்த்த நிறம்தான் இல்லை.

பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ், கைகோத்து வட்டமாக ஆடும் ஐந்து பேரை இரண்டு முறை வரைந்தார். 1909 படத்தில் உடம்புகள் வெளிறிய ரோஜா நிறம். 1910இல் கிட்டத்தட்ட அதே அமைப்பு, ஆனால் உடம்பெல்லாம் செங்கல் சிவப்பு, வானம் அடர்நீலம், காலடியில் பச்சை. முதலாவதில் விளையாடுகிறார்கள். இரண்டாவதில் சாமி வந்து ஆடுகிற மாதிரி இருக்கும். முகபாவம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. பச்சைக்குப் பக்கத்தில் வைத்ததால்தான் சிவப்பு அப்படி அதிர்கிறது.

அதனால் முதலில் திரையை மாற்றுங்கள். அன்று மகள் ஆடியது பிரிவுத் துயரப் பதம் என்றால், சாம்பல் கலந்த ஊதா போடுங்கள். முகத்திலும் கையிலும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பை நீர்க்கக் கரைத்து மெல்லிசாக ஒரு பூச்சு. வீசிய கையின் விளிம்பைக் காய்ந்த தூரிகையால் திரைக்குள் இழுத்துவிடுங்கள். அப்புறம், ஜரிகைப் புள்ளிகளில் பாதியை மூடிவிடுங்கள். மனசு வராது, தெரியும். ஆனால் கண்ணை ஓடவிடாமல் பிடித்துவைப்பவை அவைதான்.

சிவப்பு என்றால் கோபம், கறுப்பு என்றால் பயம் என்று விதி இருக்கிறதா?
வாசகர், ஆத்தூர்

மேடைக்கு இருக்கிறது. நாட்டிய சாஸ்திரம் ரௌத்திரத்துக்குச் சிவப்பு, பயானகத்துக்குக் கறுப்பு, சோகத்தைக் காட்டும் கருணைக்குப் புறாச் சாம்பல் என்கிறது. காதலுக்கு ரோஜா நிறம் இல்லை, சியாமம், அதாவது கருமை படர்ந்த நிறம்! வாழ்த்து அட்டைக்காரர்கள் கவனிக்க.

ஓவியத்தில் அதை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். சாஸ்திரத்தில் மஞ்சள் அற்புத ரசம், அதாவது வியப்பு. ஜெர்மன் ஓவியர் எமில் நோல்டே 1910இல் வரைந்த ‘தங்கக் கன்றைச் சுற்றி நடனம்’ படத்தில் அதே மஞ்சள் வெறியாகக் கொதிக்கிறது. ஆடியில் கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் போனால் மஞ்சள் நேர்த்திக்கடன். பக்கத்தில் எந்த நிறம், எவ்வளவு இடம் என்பதுதான் கணக்கு.

ஏற்காட்டு ஈரத்தில் ஆயில் பெயின்ட் காயவே மாட்டேன் என்கிறது. நடனப் படத்துக்கு வேறு எது சரி?
வாசகர், ஏற்காடு

சாஃப்ட் பாஸ்டல், சாக்பீஸ் மாதிரியான நிறக்குச்சி. காய வேண்டிய வேலையே இல்லை. பிரெஞ்சு ஓவியர் டெகா தன் நடனப் பெண்களில் நிறையப் பேரை அதில்தான் வரைந்தார், கோட்டின்மேல் கோடாக. கண்ணாடிச் சட்டம் போடும்போது மட்டும் நடுவில் அட்டை மவுண்ட் வைக்கச் சொல்லுங்கள். படம் கண்ணாடியில் ஒட்டினால், உங்கள் ஊர் மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.