இரண்டாம் பாகத்துக்கு வந்த பொம்மை: வாசகர் கேள்வி-பதில்

கொலைகாரப் பொம்மைப் படங்கள் முதலில் பயமுறுத்துகின்றன. அடுத்தடுத்த பாகங்களில் காமெடிக்குத் தாவிவிடுகின்றன. சரக்கு தீர்ந்துவிடுவதாலா?

ஒரு வகையில் ஆமாம். முதல் பாகத்தின் பயமெல்லாம் 'பொம்மைக்கு உயிர் இருக்கிறதா, இல்லையா' என்ற ஒரே கேள்வியில்தான் நிற்கிறது. 1988-ல் வந்த, சக்கி என்ற கொலைகாரப் பொம்மையின் முதல் படமான 'சைல்ட்ஸ் பிளே'யில், சிறுவனின் அம்மா பொம்மையின் அட்டைப்பெட்டியைக் கையில் எடுக்கிறாள். உள்ளேயிருந்து பேட்டரிகள் உருண்டு விழுகின்றன. அப்படியென்றால் இதுவரை பேசிய பொம்மைக்குள் பேட்டரியே இல்லை! முதுகு மூடியைத் திறந்து பார்க்க அவள் கை போகிற அந்தச் சில விநாடிகள் போதும், வயிறு கலங்கிவிடும். ஆனால் அந்தக் காட்சியை இன்னொரு முறை எடுக்க முடியாது. விடை எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

தெரிந்த பிறகும் 'யாரும் நம்பமாட்டேன் என்கிறார்களே' என்று கதை நகர்ந்தால், பார்ப்பவருக்குப் பயம் வராது, எரிச்சல்தான் வரும். 'சைல்ட்ஸ் பிளே' இரண்டாம் பாகம் 1990 நவம்பரில் வந்தது. மூன்றாவது, 1991 ஆகஸ்ட்டிலேயே வந்துவிட்டது. பத்து மாதம்கூட ஆறப்போடவில்லை, அலுப்பு அப்பட்டமாகத் தெரிந்தது. ஏழு வருடம் கழித்து, 1998-ல், டான் மான்சினி எழுதி ரானி யூ இயக்கிய 'பிரைட் ஆஃப் சக்கி' சரியான வழியைப் பிடித்தது. பொம்மைக்கு ஒரு ஜோடி! டிஃபனியாக ஜெனிஃபர் டில்லி.

வேனுக்குள் டிஃபனி சமைத்து முடித்ததும், பாத்திரம் யார் கழுவுவது என்று இரண்டு பொம்மைகளும் மல்லுக்கு நிற்கும் காட்சியைக் கவனியுங்கள். இரண்டும் அந்தச் சண்டையை உயிர்போகிற விஷயமாக நினைக்கின்றன, அதனால்தான் சிரிப்பு வருகிறது. அவர்கள் பிடித்து வைத்திருக்கும் காதலர்கள் அந்தச் சண்டையை ஊதிப் பெரிதாக்கித் தப்பிக்கப் பார்க்கிறார்கள். அதாவது, காமெடிதான் கதையை அடுத்த கட்டத்துக்குத் தள்ளுகிறது. இந்த வகைப் படத்துக்கு இதுதான் உரைகல் என்பேன்: சிரிப்புக் காட்சியை வெட்டியெடுத்தால் கதை அறுந்துபோக வேண்டும்.

ரோபோ பொம்மைப் படமான 'மேகன்' முதல் பாகம் அவ்வளவு ஓடியதே, இரண்டாம் பாகம் ஏன் எடுபடவில்லை?

முதல் படம் உலகளவில் சுமார் 18 கோடி டாலர் வசூலித்தது. 2025-ல் வந்த 'மேகன் 2.0' சுமார் 3.9 கோடியோடு நின்றுவிட்டது. இயக்குநர் அதே ஜெரார்ட் ஜான்ஸ்டோன்தான். மாறியது படத்தின் வகை. திகிலைக் கீழே வைத்துவிட்டு, ராணுவ ரோபோவோடு மோதும் ஆக்ஷன் படமாகப் போய்விட்டார்கள். வீட்டுக்குள் குழந்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிற பொம்மைதான் அச்சுறுத்தல். அது உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பினால் நாயகியாகிவிடுகிறது, நாயகியைப் பார்த்து யாரும் நடுங்குவதில்லை. சக்கி வரிசை எவ்வளவு காமெடிக்குப் போனாலும் கத்தியைக் கீழே வைக்கவில்லை என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

பொம்மை நடமாடுவது எல்லாம் கிராஃபிக்ஸா?

சக்கி படங்களில் பெரும்பாலும் நிஜப் பொம்மைதான். முகத்துக்குள் சர்வோ என்ற, சொன்ன அளவுக்குத் திரும்பி நிற்கும் சிறு மோட்டார்கள் இருக்கும். கண், இமை, புருவம், உதடு ஆகியவற்றை ரிமோட்டில் தனித்தனி ஆட்கள் இயக்குவார்கள். கை, கால், உடம்புக்குக் கம்பிகள் உண்டு. தளத்தை உயர்த்திக் கட்டி, கீழே ஆட்கள் படுத்துக்கொண்டு இயக்குவார்கள். தெரிகிற கம்பியைப் பிறகு கணினியில் அழித்துவிடலாம். முதல் படத்தில் முழு உருவமாக நடக்கும் சில காட்சிகளுக்கு எட் கேல் என்ற உயரம் குறைந்த நடிகர் சக்கி உடையில் நடித்தார். அவர் பொம்மை அளவாகத் தெரிய, அறையையும் சாமான்களையும் பெரிதாகக் கட்டினார்கள்.

நீங்கள் பொம்மையை ஆட்டுவதாக இருந்தால் வரிசையை மனதில் வையுங்கள்: முதலில் கண், பிறகு தலை, கடைசியில் உடம்பு. மூன்றும் ஒன்றாகத் திரும்பினால் மரக்கட்டை. இரண்டு கருவிழிகளும் எதிரில் இருப்பவரின் முகத்தில் குவிய வேண்டும், இணையாக நேரே பார்த்தால் செத்த பார்வை. கத்தியைத் தூக்கும் முன் கை ஒரு நொடி கீழே இறங்கட்டும். கத்திக்கு எடை வருவது அங்கேதான்.

குறும்படத்துக்காகச் சிலிகான் முகம் வார்த்தேன். இரண்டு நாளாகியும் மேல்பரப்பு பிசுபிசுக்கிறது. எடை சரியாகத்தான் கலந்தேன்.

பிளாட்டினம் வகைச் சிலிகானாக இருக்கும். முகத்தை வடிக்க எந்தக் களிமண் எடுத்தீர்கள்? கந்தகம் கலந்த மாடலிங் களிமண் என்றால் குற்றவாளி அதுதான். கந்தகம் இந்தச் சிலிகானை இறுகவிடாது. லேடெக்ஸ் கையுறை, சரியாக உலராத 3டி பிரின்ட் ரெசின் ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். சூடு காட்டினால் சரியாகாது. சுரண்டி எடுத்து, அச்சை ஆல்கஹாலால் துடைத்து, புதிதாக வார்க்கத்தான் வேண்டும். அடுத்த முறை கந்தகம் இல்லாத களிமண், நைட்ரைல் கையுறை. ஒரு ஸ்பூன் கலவையை அச்சின் ஓரத்தில் வைத்துச் சோதித்த பிறகே முழுதும் ஊற்றுங்கள். உதட்டைச் சுற்றி 2–3 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் வேண்டாம், சின்ன சர்வோவால் இழுக்க முடியாது.

பொம்மை வேகமாக நகர விநாடிக்கு 20 ஃபிரேமில் எடுத்தோம். உதட்டசைவு வசனத்தோடு ஒட்டவே இல்லை.

அதை வழக்கமான 24 ஃபிரேமில் ஓட்டும்போது படம் 1.2 மடங்கு வேகமாகிவிடுகிறது, ஒலியை நீங்கள் மாற்றவில்லை. முன்பே பதிவு செய்த வசனத்தைப் படப்பிடிப்பில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில், அதாவது சுமார் 83 சதவீதத்தில் ஒலிக்கவிட்டு, அதற்கேற்ப வாயை இயக்க வேண்டும். எடிட்டிங்கில் மூல ஒலியை வைத்தால் பொருந்திவிடும். இன்னொன்று, ஒவ்வொரு எழுத்துக்கும் வாயைத் திறக்காதீர்கள். நெடில் வரும்போது நன்றாகத் திறந்து, ப, ம வரும்போது உதட்டை முழுதாக மூடினால் போதும், மீதியைப் பார்ப்பவர் காது நிரப்பிக்கொள்ளும்.